இருளைத் துரத்தாத படங்கள்

கச்சேரி மேடையிற் பிளாஷ் விளக்கைச் சொடுக்கினால் முகம் வெளுக்கும்; அவ்விடத்து ஒளி மாய்ந்துபோம். நியூயார்க் ஹார்லெமிற் பிறந்த கறுப்பினக் கலைஞர் ராய் டிகராவா (1919–2009) அதனை நாடாது, அரங்கிலிருந்த ஒளியைக் கொண்டே ஜாஸ் வித்துவான் ஜான் கோல்ட்ரேன் முதலியோரைப் படமெடுத்தார். ஒளி குறையின் ஷட்டர் சற்று நீளத் திறந்திருத்தல் வேண்டும். ஆதலின் உருவம் மங்கும், பிலிமின் புள்ளிகளும் தெரியும். இதனைப் பிழையென்பாருளர். ஸாக்ஸபோன் ஊதுவோன் சிலையாய் நிற்பானோ? அம்மங்கலிலன்றோ அவன் மூச்சின் வேகம் தெரிகின்றது!

கறுத்த மேனியை வெளுத்துக் காட்டவும் அவர் இசைந்தாரில்லை. நம் மணப்பெண்களுக்குச் சுண்ணாம்படிக்கும் ஸ்டூடியோக்காரர் இதனை நோக்குவாராக.

எனினும் சில படங்களில் முகத்தைத் தேடவேண்டியுளது. 2001-இல் வெளிவந்த அவரது ‘தி சவுண்ட் ஐ சா’ நூலைத் தோட்டத்து வீட்டு விளக்கடியிற் புரட்டிச் சலித்தேன். மறுநாள் பகலிற் பார்த்தபோதே கருமைக்குட் பல சாம்பல் நிறங்கள் புலப்பட்டன.