சங்கரன்கோவில் பயினியின் சுவை

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் வட்டாரத்தில் பயினி என்று மக்கள் சொல்லும் பதநீர், பனம்பாளையிலிருந்து வடியும் சாறு புளித்துப்போகாமல் காக்கப்பட்ட நிலை. குமரி மாவட்டத்தில் அக்கானி என்றும் வேறு சில ஊர்களில் தெளிவு என்றும் வழங்கும் இப்பானத்தை வெயிலுக்கு இதம், உடம்புக்குக் குளிர்ச்சி என்று மருந்துக் கணக்கிலேயே பேசிப் பழகிவிட்டதால், அதன் சுவையை நின்று நிதானித்து எடைபோடும் வழக்கம் தமிழரிடம் வளரவில்லை. ஜப்பானியர் தம் அரிசி மதுவாகிய சாக்கேயை ஊர்வாரியாகப் பிரித்து, கோபே நகரை ஒட்டிய நடாப் பகுதியின் கடினநீர் மதுவுக்கு உறுதியைத் தருகிறது, கியோட்டோவின் ஃபுஷிமியில் கிடைக்கும் மென்னீர் அதை மிருதுவாக்குகிறது என்று தண்ணீர்வரை நுணுகிப் பேசுகின்றனர்; அந்த மது வடிக்கும் மரபுத்திறன் 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. அதே அளவு கவனத்துக்குப் பயினியும் முற்றிலும் தகுதியுடையது.

இரண்டின் செய்முறையும் எதிரெதிர்த் திசையில் செல்பவை. சாக்கேயில் கோஜி என்னும் பூஞ்சை அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் அச்சர்க்கரையை உடனுக்குடன் மதுவாக்குகிறது; அங்கே கலைஞரின் திறமை நொதித்தலை நடத்திச் செல்வதில் இருக்கிறது. பனஞ்சாற்றிலோ சர்க்கரை இயல்பாகவே இருப்பதால், சும்மா விட்டால் சில மணி நேரத்தில் அது தானே கள்ளாகிவிடும். எனவே பனையேறியின் திறமை நொதித்தலைத் தடுத்து நிறுத்துவதில் வெளிப்படுகிறது. பாளையைக் கடிப்பு என்னும் மரக்கருவியால் பதமாக நசுக்கி, நுனியைப் பாளையரிவாளால் காலையும் மாலையும் மெல்லிய சீவலாகச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய மண்கலயத்தை அதில் கட்டிவிடுவர். அந்தச் சுண்ணாம்பே பயினியைக் கள்ளிலிருந்து பிரிக்கும் எல்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் சட்டத்தின் எல்லையும் அதுவே.

சுவையின் எல்லையும் அங்கேதான் இருக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் சாறு நுரைத்து, மூக்கில் லேசான புளிப்பு வாடை ஏறி, இனிப்பின் அடியில் ஒரு கரகரப்பு தலைகாட்டும். தூக்கலாகிவிட்டால் இனிப்பு மங்கி, நாக்கில் மாவு படிந்ததுபோல் உலர்ந்துவிடும். அளவு சரியாக அமைந்த பயினி, தெளியவிட்டு மேலாக இறுத்து எடுக்கப்படும்போது, வெண்மையும் சாம்பலும் கலந்த மங்கலான நிறத்தில் இருக்கும். அதன் முதல் மிடறில் இனிப்பு முன்னே வரும். ஆனால் அது கரும்புச்சாற்றின் இனிப்பைப்போல அடர்ந்து திகட்டுவதில்லை. அதைத் தொடர்ந்து நாக்கின் ஓரங்களில் சுண்ணாம்பின் மெல்லிய துவர்ப்பு பரவி இனிப்பை அளவோடு நிறுத்தும்; விழுங்கிய பிறகு இளநுங்கின் பச்சை மணம் தொண்டையில் சற்றுநேரம் தங்கும். இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே தெரிவதே நல்ல பயினியின் இலக்கணம் எனலாம். இனிப்பு மட்டுமே தெரிந்தால் அதில் சர்க்கரைத் தண்ணீர் சேர்ந்திருக்கிறதோ என்று ஐயப்பட இடமுண்டு.

பல மரங்களின் கலயங்களிலிருந்து இறக்கிய சாறு ஒரே குடத்தில் சேர்ந்துவிடுவதால், தெருவில் விற்பனைக்கு வருவது எப்போதும் ஒரு கலவையே. ஆண்பனை, பெண்பனை, மரத்தின் வயது, பாளையின் முதிர்ச்சி ஆகியவற்றால் உண்டாகும் வேறுபாடு அதில் கரைந்துபோகிறது. ஒற்றைக் கலயத்துப் பயினியை மரத்தடியிலேயே குடிக்க வாய்த்தவர்க்கே அந்த வேறுபாடு பிடிபடும். ரசிகர் தேடிச் செல்லவேண்டியதும் அதைத்தான்.

பருவம் மாசி, பங்குனியில் தொடங்கிக் கோடை முழுவதும் நீடிக்கிறது. ஆடித்தபசுத் திருவிழாவுக்காக ஊரின் சங்கரநாராயணர் கோயிலில் கூட்டம் திரளும் நாட்களில் அது பெரும்பாலும் ஓய்ந்துவிடும். இரவெல்லாம் கலயத்தில் சேர்ந்து, விடியற்காலையில் இறக்கப்படும் சாற்றுக்கு இயல்பான குளிர்ச்சி உண்டு. வெயில் ஏற ஏற அந்தக் குளிர்ச்சியும் மணமும் ஒருசேரக் குறைவதால், பிற்பகலில் பிளாஸ்டிக் குடத்திலிருந்து ஊற்றித் தரப்படுவதை வைத்துப் பயினியின் தரத்தை அளப்பது அதற்குச் செய்யும் அநீதி. ஐஸ் சேர்ப்பதும் அப்படியே. மிகையான குளிர் நாக்கை மரக்கச்செய்து, அந்த நுண்ணிய துவர்ப்பை முதலில் அடித்துவிடும். நுங்கைச் சீவிப்போட்டுக் குடிப்பது இனிய வழக்கம்தான் என்றாலும், முதல் பட்டையைத் தனியாகவே குடிப்பது நல்லது.

பட்டை என்பது பச்சைப் பனையோலையை மடித்துக் குவித்துக் கட்டிய குடிகலம். அதை இரு கைகளாலும் ஏந்தி, ஒரு முனையில் வாய்வைத்துக் குடிக்கும்போது ஓலையின் மணம் சாற்றின் மணத்தோடு சேர்கிறது. கண்ணாடித் தம்ளரில் இது கிடைப்பதில்லை. சங்கரன்கோவில் பக்கம் கோடையில் செல்லும் வாசகர்கள் காலை எட்டு மணிக்குள் பனையேறியிடமே பயினி வாங்கி, ஓலைப்பட்டையில், ஐஸ் இல்லாமல் குடித்துப் பார்க்கவேண்டும். எந்த மரத்தில் எப்போது இறக்கியது என்றும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.