டாக்டர் பட்வேயின் ஹார்மோன் ஆராய்ச்சி: ஒரு மதிப்பீடு

ஓர் ஆராய்ச்சியைப் புகழ்வது எளிது. அது எதனை மெய்ப்பித்தது, எவ்விடத்தில் நின்றது என்று அளந்தறிவது அரிது. மார்பகப் புற்றுநோய் பற்றி மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் டாக்டர் ராஜேந்திர பட்வேயும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆராய்ச்சி அவ்வாறு அளந்தறியத் தக்கது.

ஹார்மோன் என்பது உடலின் சுரப்பிகள் குருதியிற் கலக்கும் நீர். மார்பகப் புற்றுகளிற் பல, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோனைத் துணையாகக் கொண்டு வளர்வன. ஹார்மோன் என்ற சொல்லே வழங்காத 1896-ஆம் ஆண்டில், ஸ்காத்லாந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சூலகங்களை அகற்றினால் முற்றிய புற்றும் சுருங்கக் கூடும் என்று காட்டினார். இத்துறையின் தோற்றுவாய் அதுவே.

பட்வே ஆராய்ந்த வினா இது: அறுவை நிகழும் வேளையில் உடலிலுள்ள ஹார்மோன் நிலை, பிற்கால வாழ்வை மாற்றுமா? லண்டன் கைஸ் மருத்துவமனையின் குறிப்பேடுகளிலிருந்து 249 பெண்களின் வரலாற்றை அவரும் பிறரும் ஆராய்ந்து 1991-இல் வெளியிட்டனர். மாதவிடாய் தொடங்கிய 3 முதல் 12 நாள்களுக்குள் அறுவை செய்யப்பெற்றோரில், பத்தாண்டு கடந்து உயிர் வாழ்ந்தோர் நூற்றுக்கு 54 பேர். ஏனைய நாள்களில் செய்யப்பெற்றோரில் 84 பேர். வியப்புக்குரிய வேறுபாடுதான். ஆயினும், பழைய குறிப்பேடு ஐயத்தைத் தோற்றுவிக்குமேயன்றி, முடிபை நிலைநாட்டாது. பின்னர்ப் பலர் செய்த ஆய்வுகளும் தம்முள் மாறுபட்டன.

பட்வே அவ்வளவில் அமையாது, தம் கருத்தைத் தாமே சோதனைக்கு உட்படுத்தினார். அறுவைக்குரிய நிலையிலிருந்த 1,000 பெண்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு அறுவைக்கு 5 முதல் 14 நாள் முன்னர், புரொஜெஸ்டரோன் வகை ஹார்மோன் 500 மில்லிகிராம் ஒரே ஊசியாக இடப்பட்டது. மற்றப் பிரிவினர்க்கு ஊசியில்லை. விலை மலிந்த இம்மருந்தால் ஏழை நாடுகள் பயனுறலாம் என்ற நோக்கம் பாராட்டுக்குரியது.

முடிவுகள் 2011-இல் வெளிவந்தன. ஐந்தாண்டுக் கணக்கில், ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 80.2 பேரும், பெறாதோரில் 78.4 பேரும் உயிருடனிருந்தனர். இவ்வளவு சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடும். எனவே, எல்லார்க்கும் பயன் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால், அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்கும் நோய் பரவியிருந்த 471 பேரைத் தனியே நோக்கியபோது, நோய் மீளாது வாழ்ந்தோர் ஊசி பெற்றோரில் 65.3, பெறாதோரில் 54.7.

இங்கேதான் கற்போர் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒரு நூலின் ஓர் இயலை மட்டும் பிரித்தெடுத்து, நூல் முழுமைக்கும் அதுவே கருத்து எனத் துணிதல் கூடாது என்பது தமிழாசிரியர் அறிந்த நெறி. மருத்துவக் கணக்கிற்கும் அந்நெறி பொருந்தும். முழுத் தொகையில் காணாத பயன் ஒரு பகுதியில் காணப்பட்டால், அது மேலும் ஆராய்தற்குரிய குறிப்பே. மேலும், கணுக்களின் நிலை உறுதியாகத் தெரிவது பெரும்பாலும் அறுவைக்குப் பின். ஊசி இடுவதோ அதற்கு முன். இதனை உணர்ந்தே, ஆய்வாளர்களும் தம் முடிவைக் கருதுகோள் என்ற அளவில் நிறுத்தி, பிற ஆய்வுகளும் உறுதி செய்தல் வேண்டும் என்றனர். அவ்வடக்கமே இவ்வாராய்ச்சியின் பெருஞ்சிறப்பு.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மலேசியாவில் 2012 முதல் 2016 வரை பதிவான மார்பகப் புற்றுநோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம், நான்காம் நிலையிலேயே கண்டறியப்பட்டனர். தங்கா பத்து போன்ற ஊர்களிலும் தோட்டப்புறங்களிலும், “ஓர் ஊசி போதுமாம்” என்ற பேச்சுப் பரவினால் அதன் தீங்கு பெரிது. நாள் பார்த்து அறுவையைத் தள்ளிப்போடுவோரும், நாள்தோறும் உண்ணும் மாத்திரையைக் கைவிடுவோரும் உளராவர். அம்மாத்திரையோ உறுதிபெற்ற மருந்து. ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் இயல்புடைய புற்றுக்குத் தமோக்சிபென் ஐந்தாண்டு உண்டால், அந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பது பல ஆய்வுகளின் தொகுப்பால் நிறுவப்பட்டது. பட்வேயின் ஊசி அதற்கு மாற்றாகச் சோதிக்கப்பட்டதன்று.

ஆகவே, ஊர்மக்கள் கேட்கும்போது ஆசிரியர் சொல்லத்தக்கவை இரண்டு: மார்பில் கட்டி தென்பட்டால் நாள் கடத்தாது மருத்துவரைக் காண்க, அவர் தந்த மாத்திரையை அவரைக் கேளாது நிறுத்தற்க. பட்வேயின் ஆராய்ச்சி இவ்விரண்டில் எதனையும் மாற்றிவிடவில்லை. புதிய வினாவொன்றைச் சேர்த்திருக்கிறது. வினாவை விடையென மயங்காமல் காப்பது கற்றோர் கடன்.