‘நேரலை’ யாருடைய நேரம்?: கிரிக்கெட், ஒளிபரப்பு உரிமை, ஏமாற்று

கிரிக்கெட் என்று பேச்செடுத்தாலே நம் தோழர்களிடம் இரண்டு முகங்களைப் பார்க்கலாம். ‘அது மேட்டுக்குடி/பார்ப்பன விளையாட்டு, ஜனங்களை மயக்குகிற அபின்’ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு ராத்திரி ரகசியமாக ஸ்கோர் விசாரிக்கிற முகம் ஒன்று. ‘ஆட்டம் நல்ல ஆட்டம்தான், காசு வந்து கெடுத்துவிட்டது’ என்று பெருமூச்சு விடுகிற முகம் இன்னொன்று. முதல் முகத்தோடு எனக்கு இங்கே சண்டையில்லை, இரண்டாவதோடுதான். ‘கெடுத்துவிட்டது’ என்ற சொல்லுக்குள் ஒரு தூய்மை ஒளிந்துகொண்டிருக்கிறது. தூய்மை பற்றிய எந்தப் பேச்சும் அடுத்த நிமிஷமே ‘தீட்டு’ யாரால் வந்தது என்று ஆள் தேடக் கிளம்பிவிடும். கிரிக்கெட்டில் ‘ஏமாற்று’ குறித்த சொல்லாடல் பெரும்பாலும் இப்படி ஆள் தேடுகிற வேலையாகவே கட்டமைக்கப்பட்டிருக்கிறது.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் தில்லி போலீஸ் அம்பலப்படுத்திய ஹன்சி குரோன்யே விவகாரத்தை ‘ஒரு கனவானின் வீழ்ச்சி’ என்றே உலகப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. அந்தக் கனவான் காசுக்காக யாரை அணுகினார் என்பது அடிக்குறிப்பாகப் போயிற்று. நாக்பூர் ஆட்டத்துக்காக அவர் 15,000 டாலர் ஆசை காட்டிய ஹெர்ஷல் கிப்ஸ், ஹென்றி வில்லியம்ஸ் இருவரும் நிறவெறி ஆட்சி ‘கலப்பினத்தவர்’ என்று முத்திரை குத்திவைத்த சமூகத்தைச் சேர்ந்தவர்கள். கேட்பது வெள்ளைக் கேப்டன். அணியில் தன் இடம் எப்போதும் கேள்விக்குறி என்று தெரிந்தவன் எப்படி முடியாது என்பான்? (20க்குள் ஆட்டமிழக்கச் சம்மதித்த கிப்ஸ் அன்றைக்கு 74 அடித்தார் என்பது வேறு கதை. உடம்பு கேட்கவில்லை போலிருக்கிறது.) ஏமாற்றும்கூட மேலிருந்து கீழாகத்தான் இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டு மேலே போவோம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2022இல் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்து மோலிப்பூர் என்ற கிராமத்தில் நடந்தது. அந்த வருஷ ஐ.பி.எல். முடிந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு வயலைக் குத்தகைக்கு எடுத்து, பாய் விரித்துப் பிட்ச் போட்டு, ஹாலஜன் விளக்குக் கட்டி, ஐந்து காமிராக்களை நிறுத்தினார்கள். பண்ணைக் கூலிகளும் வேலையில்லாத இளைஞர்களுமாக 21 பேர். ஆட்டத்துக்கு 400 ரூபாய் கூலி. அவர்களே முறைவைத்து சென்னை, மும்பை, குஜராத் அணிகளின் பனியன்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய கூட்ட இரைச்சல் பின்னணியில். ஹர்ஷா போக்ளே குரலில் பேச மீரட்டிலிருந்து ஒரு மிமிக்ரிக்காரர். இதை யூ டியூபில் ‘நேரலை’யாக விட, ரஷ்யாவில் த்வேர், வரோனெஷ், மாஸ்கோ நகரங்களில் இருந்தவர்கள் இதுதான் ஐ.பி.எல். என்று நம்பிப் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து பந்தயத்தின் போக்குக்கு ஏற்பத் தகவல் வரும். நடுவருக்கு வாக்கி-டாக்கியில் சொல்வார்கள், அவர் பந்துவீச்சாளரிடமும் மட்டையாளரிடமும் சொல்வார். பந்துவீச்சாளர் மெதுவாகப் போட, மட்டையாளர் தூக்கி அடிக்க, சிக்ஸர்! ‘நாக் அவுட்’ கட்டத்தை எட்டியபோது போலீஸ் பிடித்துவிட்டது.

பத்திரிகைகள் இதை நகைச்சுவைத் துணுக்காக்கிச் சிரித்தன. வளைகுடாப் போர் நடக்கவேயில்லை என்று 1991இல் ழான் பூத்ரியார் எழுதியதை வைத்துக்கொண்டு நாம் எவ்வளவோ சண்டை போட்டாயிற்று. மோலிப்பூர்க்காரர்கள் அவரைப் படிக்காமலேயே ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் போலிசெய்தது கிரிக்கெட்டை அல்ல. பந்து நிஜம், மட்டை நிஜம், வேர்வை நிஜம், 400 ரூபாய் நிஜம். ‘ஒளிபரப்பு’ என்பதைத்தான் போலிசெய்தார்கள். மைதானம் முழுவதையும் காமிரா காட்டவில்லை, ஆட்களின் அண்மைக்காட்சிகளும் ஒரு குரலும் ஓர் இரைச்சலும் போதுமாயிருந்தன. அப்படியானால் நம் வீட்டுக்கு வருகிற ‘அசல்’ ஐ.பி.எல்.லும் பெருமளவு இவற்றால்தானே ஆகியிருக்கிறது? 2009இல் நுழைக்கப்பட்ட ‘வியூகத்துக்கான இடைவேளை’யில் என்ன வியூகம் வகுக்கிறார்கள்? அந்த இரண்டரை நிமிஷமும் விளம்பரம். அங்கேயும் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி யாரோ சொல்கிறார்கள், நடுவர் கை காட்டுகிறார். சட்டப்படி நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

‘நேரலை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். பந்து வீசப்படுகிறது. காமிரா பிடிக்கிறது. ஒளிபரப்பு வண்டியில் பல காமிராக்களின் பிம்பங்களிலிருந்து ஒன்று தேர்வாகிறது. செயற்கைக்கோளுக்கோ கண்ணாடி இழைக்கோ போகிறது. போனில்/கம்ப்யூட்டரில் பார்ப்பவருக்காக இன்னொரு வேலையும் நடக்கிறது. படத்தைச் சுருக்கி, சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஊர் ஊராக இருக்கிற சர்வர்களில் வைக்கிறார்கள். நம் கருவி இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே காட்டத் தொடங்கும். ஆக, எவ்வளவு உசத்தியான இணைப்பானாலும் தாமதம் உண்டு. மட்டமான இணைப்பென்றால் தாமதம் ஏறிக்கொண்டே போகும். கம்பி தாங்காவிட்டால் படத்தின் தரத்தைத் தானாகவே இறக்கிவிடுகிற ஏற்பாடும் இருக்கிறது. தரம் இறங்கினால் முதலில் காணாமல் போவது பந்து! சட்டை தெரியும், விளம்பரப் பலகை தெரியும், பந்து மட்டும் தெரியாது.

நான் குடியிருக்கும் வீட்டில் இன்டர்நெட் வழியாகத்தான் ஆட்டம் பார்க்கிறேன். எதிர்வீட்டில் டிஷ். அந்தப் பையன் ‘அவுட்டு!’ என்று கத்துவான். என் திரையில் அப்போதுதான் பந்துவீச்சாளர் ஓடிவர ஆரம்பித்திருப்பார். இணைப்புக் கொடுத்தவர்களுக்கு போன் போட்டால், “சார், மோடத்த ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்பார்கள். இது என் தனிப்பட்ட புலம்பல் அல்ல. ஒரே ஆட்டம் வெவ்வேறு வர்க்கங்களை வெவ்வேறு நேரத்தில் வந்தடைகிறது என்பதற்காகச் சொல்கிறேன். நொடிக்கு 2 மெகாபிட் வந்தால் அதை ‘பிராட்பேண்ட்’ என்றே சொல்லலாம் என்று 2023இல் அரசாங்கம் அறிவித்தது (அதற்கு முன்பு அரை மெகாபிட்). 2020 செப்டம்பரில் அமீரகத்தில் ஐ.பி.எல். தொடங்கியபோது காஷ்மீரின் பெரும்பகுதியில் செல்போன் இணையம் 2ஜி வேகத்துக்கு மேல் அனுமதிக்கப்படவில்லை. 2019 ஆகஸ்டில் பறித்த 4ஜி 2021 பிப்ரவரியில்தான் முழுதாகத் திரும்பியது. அங்கே தாமதம் என்பது கோளாறு அல்ல, அரசாணை.

இந்தத் தாமதத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. 2021 மே மாதம், கொரோனாவால் பார்வையாளர் இல்லாமல் தில்லியில் ஆட்டங்கள் நடந்தபோது, துப்புரவுப் பணியாளராக உள்ளே வந்த ஒருவர் ‘பிட்ச் சைடிங்’ செய்திருக்கக்கூடும் என்று கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவுத் தலைவர் சொன்னார். மைதானத்தில் நடப்பது திரைக்கு வந்து சேரும் முன் போனில் வெளியே சொல்லிவிடுவது, அந்தச் சில நொடிகளுக்குள் பந்தயம் கட்டி முடித்துவிடுவது, இதுதான் பிட்ச் சைடிங். அந்த ஆள் என்ன செய்ததாகச் சந்தேகிக்கிறார்கள்? பந்தைச் சுரண்டவில்லை, விக்கெட்டை விற்கவில்லை. தன் கண்ணால் பார்த்ததைப் பார்த்த நேரத்திலேயே இன்னொருவருக்குச் சொன்னதாகச் சந்தேகம். ‘நேரலை’ என்பதன் அகராதி அர்த்தம் அதுதானே?

இதையே மேலிருந்து செய்தால் பெயர் மாறிவிடுகிறது. டென்னிஸில் நடுவர் தன் கருவியில் பதியும் புள்ளிகளை உடனுக்குடன் பந்தய நிறுவனங்களுக்குக் கொண்டுசேர்க்கும் உரிமையைச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே ஸ்போர்ட்ரேடார் என்ற நிறுவனத்துக்கு விற்றது. கீழ்மட்டப் போட்டிகளில் சூதாட்ட ஊழல் பெருக இந்த விற்பனையும் ஒரு காரணம் என்று டென்னிஸ் அமைப்புகளே நியமித்த விசாரணைக் குழு 2018இல் சொன்னது. ஒப்பந்தம் போட்டு விற்றால் ‘தரவு உரிமை’, துடைப்பத்தோடு நின்று சொன்னால் மோசடி. இந்தியாவில் துடைப்பம் யார் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பந்தயத்தை நான் நியாயப்படுத்தவில்லை. குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்திருக்கிறோம். யாருடைய சூதாட்டத்துக்கு மட்டும் அந்தப் பெயர் வைக்கப்படுகிறது என்பதே என் கேள்வி. 2020 ஐ.பி.எல்.லின் தலைப்பு விளம்பரதாரர், ஆட்டத்தின் மேல் பணம் கட்டி ஆடும் ட்ரீம்11. அப்படிப்பட்ட ஆட்டங்களை நாடாளுமன்றம் தடைசெய்தது 2025இல்தான்.

அந்த நொடிகள் யாருடைய சொத்து என்ற கேள்வி இங்கே ஒருமுறை நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. 1993 ஹீரோ கோப்பை ஒளிபரப்பை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்ததில் தூர்தர்ஷனுக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் வந்த தகராறில், 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அரசின் ஏகபோகமும் கூடாது, தனியார் ஏகபோகமும் கூடாது என்பது அதன் சாரம். சந்தை முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டது. 2023-27 ஐ.பி.எல். உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயின. அதில் இந்தியாவுக்குள்ளான டிஜிட்டல் உரிமையை வாங்கியது ரிலையன்ஸ் குழுமத்து வயாகாம்18. 2023இல் ஓசியில் காட்டினார்கள் (படம்தான் ஓசி, டேட்டா ஓசியில்லை). டிஸ்னியோடு இணைந்த பிறகு 2025இல் சந்தா வந்தது. செல்போன் அலைவரிசை, வீட்டுக் கம்பி, காட்டுகிற திரை, ஆடுகிற மும்பை அணி எல்லாம் ஒரே குழுமம். கிரிக்கெட் வாரிய நிர்வாகிகள் அணிகளை வைத்துக்கொள்ளலாம் என்ற விதியை ‘நலன்களின் மோதல்’ என்று 2015 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தபோது கை தட்டினோம். காட்டுகிறவரே அணியும் வைத்திருப்பது மட்டும் மோதல் இல்லையா? சட்டப்படி தப்பில்லை என்பார்கள். சரி, சட்டத்துக்கே வருவோம்.

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொண்டே ஆகவேண்டும் என்று 2007இல் ஒரு சட்டம் வந்தது. அப்படிப் பகிரும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழிக் கோபுரங்களுக்கும் அதன் சொந்த டிஷ் சேவைக்கும் மட்டுமே, தனியார் கேபிளுக்கு அல்ல என்று 2017இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கோபுரங்களையும் 2022க்குள் பெரும்பாலும் மூடியாயிற்று. மிச்சமிருப்பது இலவச டிஷ் ஒன்றுதான். சட்டத்தின் பட்டியலில் இந்திய அணியின் ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்கள் உண்டு, ஐ.பி.எல். கிடையாது. அதைச் சேர்க்கப் புதிதாகச் சட்டம் போட வேண்டியதில்லை, நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மத்திய அரசு அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும்.