வண்ணத்துப்பூச்சிக்கு ஊர் குறித்தவர், நமக்கு ஏன் குறிக்கவில்லை? வாலஸின் ‘மலாய்த் தீவுக்கூட்டம்’: ஒரு வாசிப்பு



‘பல இன மக்கள் வாழும் சிங்கப்பூர்’ என்று ஒரு கட்டுரைத் தலைப்பு வந்தால் போதும், மேற்கோளுக்கு அந்தக் காலத்து ஐரோப்பியப் பயணிகளைத் தேடிப் போகிறோம். அப்படித் தேடும்போது கையில் கிடைப்பவர்களில் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் முக்கியமானவர். 1869-இல் வெளிவந்த அவருடைய ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ நூலில் சிங்கப்பூருக்கு என்றே ஓர் அத்தியாயம் உண்டு. படிக்கச் சுவையான நூல்தான். ஆனால் அதில் எதை நம்பி எடுத்துக்கொள்ளலாம், எதைச் சோதித்த பிறகே எடுக்க வேண்டும் என்பதில் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நூலைப் பற்றி. வாலஸ் 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். 1862 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இந்தத் தீவுகளில் அலைந்தார். அவர் சேர்த்த மாதிரிகள் மொத்தம் 1,25,660. அவற்றில் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் மட்டும் 13,100. புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியார்களோடு தங்கி, ஒரு சதுர மைலுக்கு மேல் போகாத காட்டிலிருந்து இரண்டே மாதத்தில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைப் பிடித்தார். இன்று நாம் பேருந்தில் கடந்துபோகும் அதே புக்கிட் தீமாதான்!

நூலின் அமைப்பைக் கவனியுங்கள். பயண நூல் என்றால் நாள்வாரியாகப் போகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? வாலஸ் அப்படி எழுதவில்லை. ஒரே தீவுக்கு வெவ்வேறு ஆண்டுகளில் போனதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, தீவுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து அத்தியாயங்களை அடுக்குகிறார். எந்த உயிர் எந்தத் தீவில் இருக்கிறது, பக்கத்துத் தீவில் ஏன் இல்லை என்ற கேள்வியே நூலின் முதுகெலும்பு. அந்தக் கேள்விக்கு ஏற்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். கட்டுரை எழுதும் மாணவர்கள் இதைக் கற்றுக்கொள்ளலாம். நடந்த வரிசையில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொல்லவந்த கருத்து எந்த வரிசையைக் கேட்கிறதோ அந்த வரிசையில் எழுதலாம்.

வாலஸின் திறமை முழுவதும் தெரிவது வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிப் பேசும் இடங்களில்தான். அதிலும் தமிழில் ‘அழகிகள்’ என்று வழங்கும் குடும்பம். பெரிய சிறகு, பலவற்றுக்குப் பின்சிறகில் வால் போன்ற நீட்சி. மலாய்ப் பகுதியின் அழகிகளைப் பற்றி அவர் 1864-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசித்த ஆய்வுக் கட்டுரை 1865-இல் அச்சானது. பயண நூலில் சுருக்கமாக வருவதன் முழு விளக்கம் அதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அவருடைய முறை பிடிபடும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் முட்டையிடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. தமிழில் கறிவேப்பிலை அழகி என்கிறார்கள். பப்பிலியோ பாலிடீஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இதன் ஆண்கள் எல்லாம் ஒரே மாதிரி. பெண்களோ ஒரே மாதிரி இல்லை. சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். சில, ரோஜா அழகி என்னும் வேறொரு பூச்சியைப் போல இருக்கும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மூன்றாவதாக ஒரு வடிவம் உண்டு. அது சிவப்புடல் அழகியைப் போல இருக்கும். வகைப்பாட்டின் தந்தை எனப்படும் லின்னேயஸே 1758-இல் ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு வேறு பெயரும் கொடுத்து, இரண்டு தனிச் சிற்றினங்களாக எழுதிவிட்டார். கணவனையும் மனைவியையும் வெவ்வேறு சாதியாகப் பதிவேட்டில் எழுதியது போல! இவை எல்லாம் ஒரே குடும்பம்தான் என்று வாலஸ் தம் கட்டுரையில் தெளிவாக எடுத்துக்காட்டினார்.

எப்படி? உருவத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவில்லை. நிறைய மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொன்றும் எந்தத் தீவு என்று பார்த்தார். ஆணா பெண்ணா என்று பார்த்தார். பப்பிலியோ மெம்னான் என்ற இன்னொரு பெரிய அழகியின் கதையிலும் அப்படித்தான். வாலுள்ள பெண், வாலில்லாத பெண் இரண்டும் ஒரே சிற்றினம் என்பதற்கு, ஜாவாவில் ஒரே கூட்டத்துப் புழுக்களை வளர்த்தபோது இரண்டுமே வெளிவந்ததைச் சான்றாகக் காட்டுகிறார். ‘பார்த்தால் வேறு, பிறப்பால் ஒன்று’ என்று சொல்ல, பிறப்பையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்.

இத்தோடு நிற்கவில்லை. வேறுபாடு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாரும் குழம்புகிறார்கள் என்று கண்டு, அதை ஆறு படிகளாகப் பிரிக்கிறார்: சாதாரண வேறுபாடு, ஒரே சிற்றினத்துக்குள் பல வடிவம், இடத்துக்கேற்ற வடிவம், ஒரே இடத்தில் சேர்ந்து வாழும் வேறுபாடு, துணையினம், சிற்றினம். ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு தருகிறார். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று சொல்லச் சிரமமான இடத்தையும் மறைக்கவில்லை.

இதற்கு ஒப்பிட நம்மிடமே ஒன்று இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்து, நண்டையும் தும்பியையும் நாலறிவில் வைக்கிறது. அந்தப் பிரிவை இன்றைய அறிவியல் ஏற்குமா என்பது வேறு விஷயம். ஆனால் எந்த அளவுகோலால் பிரிக்கிறேன் என்பதைத் தொல்காப்பியர் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். வகைப்படுத்தலின் முதல் ஒழுங்கு அது. வண்ணத்துப்பூச்சி விஷயத்தில் வாலஸிடமும் அந்த ஒழுங்கு இருக்கிறது.

அடுத்தது, பரவல். பாலிக்கும் லொம்போக்குக்கும் இடையே உள்ள நீரிணையின் அகலம் சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே உயிரினங்கள் மாறிவிடுகின்றன. அந்த எல்லை இன்று ‘வாலஸ் கோடு’ எனப்படுகிறது. அழகிகளிலேயே மிகப் பெரியவையான பறவைச்சிறகுப் பூச்சிகளிலும் இந்த மேற்கு, கிழக்கு வேறுபாடு தெரியும். சரவாக் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரை வைத்து 1855-இல் வாலஸ் பெயரிட்ட பூச்சி, மலாயா, சுமத்ரா, போர்னியோ பக்கத்தது. 1859-இல் அவர் பாச்சான் தீவில் பிடித்த பொன்னிறப் பூச்சியின் பேரினமோ மலுக்கு, நியூகினி, ஆஸ்திரேலியப் பக்கத்தது. அதைப் பிடித்த மகிழ்ச்சியில் அன்று முழுவதும் தலைவலி வந்துவிட்டது என்று எழுதுகிறார். உணர்ச்சிவசப்பட்டவர்தான். ஆனாலும் இடம் குறிக்க மறக்கவில்லை.

பரவலைத் தெரிந்துகொண்டால் உருவமும் புரியும். ரோஜா அழகியின் புழு நச்சுள்ள கொடிகளைத் தின்று வளர்கிறது. அதனால் பூச்சியின் உடம்பிலும் நச்சு சேர்கிறது. தமிழ்நாட்டில் அந்த வகைச் செடி ஒன்றுக்கு ஆடுதீண்டாப்பாளை என்று பெயர். ஆடே தொடாது என்று ஊர்க்காரர்கள் பெயரிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். நச்சுள்ள பூச்சியைப் பறவைகள் விட்டுவிடும். நச்சில்லாத கறிவேப்பிலை அழகி அதன் வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. சிவப்புடல் அழகி சிங்கப்பூரில் இயல்பாக வாழ்வதில்லை. அதனால் அந்த வேடத்துக்கும் இங்கே வேலை இல்லை. ஊர் தெரியாவிட்டால் உருவத்துக்குக் காரணம் சொல்ல முடியாது. இந்த வேடங்களை ஒரே மரபணு இயக்குகிறது என்று 2014-இல் கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தார்கள். வாலஸ் எழுதி ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழித்து வந்த விடை அது.

சரி, இவ்வளவு துல்லியமான மனிதர் நம்மைப் பற்றி என்ன எழுதினார்?

சிங்கப்பூர் அத்தியாயத்தில் நகர மக்களைப் பட்டியலிடும்போது, ‘கிளிங்’ எனப்பட்டவர்களை மேற்கு இந்தியாவைச் சேர்ந்த முஸ்லிம்கள் என்கிறார். அரபுகளோடு சேர்த்து அவர்களைச் சிறு வணிகர்கள், கடைக்காரர்கள் என்கிறார். குதிரைக்காரர்களும் சலவைக்காரர்களும் எல்லாரும் வங்காளிகளாம். அவ்வளவுதான். ஒன்றிரண்டு வாக்கியத்தில் நம் முன்னோர் கதை முடிந்துவிடுகிறது.

‘கிளிங்’ என்பது கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சொல். அன்று தென்னிந்தியர்களைப் பொதுவாகக் குறித்தது. இன்று இழிசொல்லாகவே கருதப்படுகிறது. அந்தச் சொல்லை வாலஸ் பயன்படுத்தியதற்காக அவரைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. அவருடைய சொந்த அளவுகோலையே அவருக்கு வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, ஊர். அன்றைய சிங்கப்பூர்த் தமிழர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள். அது இந்தியாவின் கிழக்குக் கரை. தெலுக் ஆயர் சாலையில் 1828-1830-இல் கட்டப்பட்ட நாகூர் தர்கா தன் பெயரிலேயே ஊரைச் சொல்கிறது. இரண்டாவது, சமயம். சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியா முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசல் 1826-இலிருந்தே இருக்கிறது. அதே சாலையில் நாராயண பிள்ளை 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. வாலஸ் வந்து இறங்கியபோது கோயிலுக்கு வயது 27. மூன்றாவது, வங்காளிகள். வடஇந்தியர் பலரையும் அன்று இங்கே வங்காளிகள் என்றே அழைத்தார்கள். அந்த வழக்கை அவர் அப்படியே எடுத்து எழுதிவிட்டார்.

‘கிழக்கிந்தியத் தீவுகளுக்கு மேற்கே உள்ள இந்தியா என்ற பொருளில் எழுதியிருக்கலாமே?’ என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. வகுப்பில் கேட்டால் பாராட்டுங்கள். ஆனால் அப்படி வைத்துக்கொண்டாலும் குறை தீரவில்லை. ஜாவா என்றோ பாலி என்றோ துல்லியமாகச் சீட்டு எழுதியவர், மனிதருக்கு மட்டும் ஒரு துணைக்கண்டத்தையே சீட்டாக ஒட்டிவிட்டாரே!

‘பயண நூலில் ஒரு பத்திதானே, இதுக்குப் போய் இவ்வளவா?’ என்றும் கேட்கலாம். ஒரு பத்தியோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். நூலின் கடைசி அத்தியாயம் மனித இனங்களைப் பற்றியது. அதில் மலாய்க்காரர், பப்புவர் என்று பிரித்து, விலங்குகளுக்குப் போட்டது போல மனிதருக்கும் ஒரு கோடு போடுகிறார். அந்தக் கோடு விலங்குக் கோட்டுக்குக் கிழக்கே தள்ளிப் போகிறது. உயரம், முடி, நிறம் இவற்றோடு குணத்தையும் அளவுகோலாக்கிவிடுகிறார். இன்னார் அடக்கமானவர், இன்னார் ஆரவாரமானவர் என்று. பப்பிலியோ மெம்னானை விளக்கும்போதும், ஓர் ஆங்கிலேயன் இரண்டு வேறு இனத்துப் பெண்களை மணந்ததாகக் கற்பனை செய்து உவமை சொல்கிறார். உவமை சட்டென்று புரியத்தான் செய்கிறது. ஆனால் அதில் அந்தக் காலத்து இனப் பார்வை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அலியையும் சொல்லியாக வேண்டும். சரவாக்கைச் சேர்ந்த இந்த மலாய் இளைஞர் பல ஆண்டுகள் வாலஸுக்குத் துணையாக இருந்தார். பாச்சானில் புதுவகைச் சொர்க்கப் பறவையைச் சுட்டுக் கொண்டுவந்தவர் அலி. அறிவியல் பெயரில் நிலைத்ததோ வாலஸின் பெயர். கொண்டுவந்தது அலிதான் என்று வாலஸ் நூலிலேயே எழுதியிருக்கிறார் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அலியின் பங்கு இன்று நமக்குத் தெரிவதே வாலஸ் எழுதியதால்தான். ஐரோப்பியச் சமூகத்தை உயர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு அவர் புகழவும் இல்லை. நூலை முடிக்கும்போது அதன் வறுமையையும் அநீதியையும் கடுமையாகவே கண்டிக்கிறார். மனம் நல்ல மனம்தான். மனிதரைப் பார்த்த இடத்தில் முறைதான் தளர்ந்துவிட்டது.

ஆகவே என் மதிப்பீடு இதுதான். வகைப்படுத்தி எழுதுவதற்கு ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ அருமையான மாதிரி. சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றுக்கு அது பலவீனமான சான்று. இரண்டும் ஒரே நூல், ஒரே ஆசிரியர். ‘வாலஸே சொல்லியிருக்கிறார்’ என்று ஆசிரியரின் பெயரை வைத்து மட்டும் எழுதினால், பலமான பகுதிக்குத் தர வேண்டிய மதிப்பைப் பலவீனமான பகுதிக்கும் கொடுத்துவிடுவோம். மேற்கோளை எடுக்கும்போது ஆசிரியர் யார் என்பதோடு, அந்த வாக்கியத்துக்கு அவர் என்ன சான்று வைத்திருக்கிறார் என்றும் பாருங்கள்.

வகுப்புக்கு ஒரு பயிற்சி. வாலஸின் இரண்டு பகுதிகளை, பப்பிலியோ மெம்னான் பத்தியையும் சிங்கப்பூர் மக்கள் பத்தியையும், தமிழில் சுருக்கிக் கொடுங்கள். மாணவர்கள் ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேட்கட்டும்: எத்தனை மாதிரிகளைப் பார்த்துச் சொல்கிறார்? எந்த அளவுகோலால் பிரிக்கிறார்? எந்த ஊர் என்று சொல்கிறாரா? ஆசிரியரின் நோக்கத்தையும் நம்பகத்தன்மையையும் பற்றிய கருத்தறிதல் வினாக்களுக்கு இதைவிட நல்ல தயாரிப்பு இல்லை.

தேர்வு எழுதும் மாணவர்களே, ‘சீனர்கள் உழைப்பாளிகள், இந்தியர்கள் பக்திமான்கள்’ என்று ஒரே வரியில் ஓர் இனத்தையே அடக்கும் வாக்கியம் உங்கள் கட்டுரையிலும் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வந்திருந்தால் அடித்துவிட்டு, யார், எந்த ஊரிலிருந்து, எப்போது, என்ன வேலைக்கு வந்தார்கள் என்று எழுதுங்கள். நாகூர்க்காரர், காரைக்குடிக்காரர், யாழ்ப்பாணத்தார் என்று எழுதும்போதே கட்டுரைக்கு உயிர் வந்துவிடும்.

ஜூரோங் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு சின்ன வேலையும் உண்டு. புளோக் வராந்தாவில் யார் வீட்டுத் தொட்டியிலாவது எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருக்கும். இலையைக் கடித்த தடம் இருந்தால் புழுவைத் தேடுங்கள். தேதி, இடம், செடி, நிறம் இந்த நான்கையும் குறித்துக்கொண்டு, பூச்சி வெளிவந்த பிறகு பெயர் சொல்லுங்கள். அதுவரை பெயர் வேண்டாம்.