‘எனது’ என்பதும் ‘எமது’ என்பதும்: ஒரு நடிகரின் தன்வரலாறு குறித்து

உடப்புக் கடற்கரையிற் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலில் ஒருவர் அடியெடுக்க ஏனையோர் தொடர்வர். அங்கு கலையும் உழைப்பும் பிரிந்து நிற்பதில்லை. தொழில்முறை நடிகரின் கலையை நோக்குதற்கும் இவ்வுண்மை நமக்குத் துணைபுரிகின்றது.

அவ்வை சண்முகம் எனப்பட்ட ரி. கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ 1972இல் வெளிவந்தது. 1918இல், ஆறு வயதில், சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையிற் சேர்ந்த அவர், 1925இல் சகோதரருடன் தனிச்சபை கண்டார். 1935இல் ‘மேனகா’ மூலம் திரைக்கும் வந்தார். தம் நடிப்பாற்றலை ஆசிரியர் தந்த கொடையென அவர் போற்றுகின்றார். அந்நன்றியுணர்வு மெய்யானதே. ஆயினும், வீட்டைப் பிரிந்து ஊரூராய் அலைந்த சிறுவரின் உழைப்பே அச்சபைகளின் மூலதனம் என்பதை நாம் மறத்தலாகாது.

கரைவலையிலும் வலையுடையார் பங்கு வேறு, இழுப்போர் பங்கு வேறு. கூட்டாகப் பாடுவதால் அவ்வேறுபாடு மறைந்துவிடுவதில்லை. மேடையும் அத்தகையதே. நூலின் தலைப்பு ‘எனது’ என்கின்றது; பக்கங்களோ உடன் நடித்தோர் பலரை நினைவுகூர்கின்றன. அவ்விடங்களிலேயே இந்நூல் ஒரு தனிமனிதரின் வெற்றிக்கதை என்னும் எல்லையைக் கடந்து, நாடகத் தொழிலாளரின் வரலாற்று ஆவணமாகின்றது.