மெஷினுக்குப் பணம் உண்டு, நேரத்துக்கு இல்லை

என் பெரியம்மா மகள் நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அக்காவிடம் மூன்று நோட்டு இருக்கிறது. பையனுக்கு ஸ்கூலுக்கு வாங்கியதில் மிச்சமான, கோடு போட்ட நோட்டுகள். பாம்புக்கடி கேஸ் வரும்போதெல்லாம் அதில் ஒரு வரி எழுதுவார்: கடித்த நேரம், காட்டிலா வீட்டிலா, முதலில் எங்கே போனார்கள், கயிறோ துணியோ இறுக்கிக் கட்டியிருந்தார்களா, இங்கே வந்து சேர்ந்த நேரம். "பேரு எழுதல தம்பி, அது தப்புன்னு எனக்குத் தெரியாதா?" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அவர் கேள்வி எளிமையானது. குச்சிக்கிழங்குக் காட்டில் கடிபட்டவர்கள் ஏன் இவ்வளவு லேட்டாக வருகிறார்கள்? மந்திரிக்கப் போனதாலா, வண்டி கிடைக்காததாலா, இல்லை ஓர் ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொன்றுக்கு அனுப்பியதிலேயே நேரம் போனதா? மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. முதலாவதுக்குப் பிரசாரம், இரண்டாவதுக்கு வண்டி, மூன்றாவதுக்கு விஷமுறிவு மருந்தை எங்கே ஆரம்பிப்பது என்ற முடிவு. எது காரணம் என்று தெரியாமல் மூன்றுக்கும் சேர்த்துப் போஸ்டர் ஒட்டிப் பயனில்லை.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. நல்ல முடிவு. இனி எண்ணிக்கை வரும். ஆனால் அக்காவின் கேள்வி, எத்தனை பேர் என்பது இல்லை. நேரம் எங்கே தொலைந்தது என்பது.

"இதுக்கெல்லாம் ஆராய்ச்சி நிதி இருக்குக்கா, எழுதிப் போடலாம்" என்று சொன்னது நான்தான். புள்ளிவிவர வேலை பார்ப்பவன், நாலு ப்ரபோசல் எழுத உதவியவன் என்கிற தைரியம். இந்தக் குறிப்பு, அந்தத் தைரியம் எப்படி இறங்கியது என்பதைப் பற்றியது.

யாருக்காகக் கதவு?

நிதியே இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய அரசு 2007-ல் சுகாதார ஆராய்ச்சிக்கென்றே தனித் துறை ஆரம்பித்தது. அந்தத் துறையின் திட்டத்தில்தான் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவுகள் வந்தன. சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியிலும் ஒன்று இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். 1979-ல் இருந்து மாணவர்களுக்குக் குறுகிய கால ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கிறது. விடுமுறை மாதிரி இரண்டு மாதம், ஒரு வழிகாட்டி, ஒரு சின்னக் கேள்வி. இந்தியாவில் எத்தனையோ டாக்டர்களுக்கு ஆராய்ச்சியின் முதல் ருசி அதில்தான் கிடைத்தது.

ஆனால் அது எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு என்று வடிவமைத்தது. பெரிய நிதிகளும் பொதுவாக, மேற்படிப்போ பிஎச்.டி.யோ முடித்து நிரந்தர வேலையில் இருப்பவரை மனதில் வைத்தவை. இருபது வருடம் வார்டில் நின்ற நர்ஸ், லேப் டெக்னீஷியன், பார்மசிஸ்ட் இவர்கள் அந்தப் படிவத்தில் எங்கே வருகிறார்கள்? 'ப்ராஜெக்ட் ஊழியர்' என்ற இடத்தில். அதாவது வேறொருவர் கேள்விக்குத் தரவு சேகரிப்பவராக.

ஒரு கேள்வி, பதில் இல்லை

ப்ரபோசலின் பட்ஜெட் பக்கத்தை அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கருவிகள், ரசாயனப் பொருட்கள், ஊழியர் சம்பளம், பயணம், சில்லறைச் செலவு, நிறுவனப் பங்கு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்:

"இதுல என் நைட் டூட்டிக்கு ஒரு மாசம் வேற ஆள் போட வழி இருக்கா?"

இல்லை. நாங்கள் பார்த்த படிவம் எதிலும் அப்படி ஒரு தலைப்பு இல்லை. ஊழியர் சம்பளம் என்ற தலைப்பில் புதிதாக ஒருவரை வேலைக்கு வைக்கலாம். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்வார். கேள்வியைக் கேட்டவர் வார்டுக்குத் திரும்பிப் போவார். என் முக்கியமான விமர்சனம் இதுதான். நம் நிதி அமைப்பு பொருளை வாங்கும், ஆளை வாங்கும், ஆனால் ஏற்கனவே வேலையில் இருக்கிறவரின் நேரத்தை வாங்கத் தெரியாது. அக்காவுக்குத் தேவை ஒரு மெஷின் இல்லை. வாரத்தில் அரை நாள், பேசிப் பார்க்க ஓர் ஆள், ஒரு கம்ப்யூட்டர்.

இங்கிலாந்தில் 2006-ல் தொடங்கிய தேசிய ஆராய்ச்சி நிறுவனம் நர்ஸ், மகப்பேறு உதவியாளர், பிசியோதெரபிஸ்ட்களுக்கென்றே ஃபெலோஷிப் வைத்திருக்கிறது. அதில் பணத்தின் பெரும்பகுதி அவர்கள் சம்பளத்துக்குத்தான் போகிறது. அந்த நாட்டு வசதி நமக்கு இல்லை, சரி. ஆனால் 'நேரம் ஒரு செலவு' என்று பட்ஜெட்டில் ஒப்புக்கொள்ள வசதி வேண்டியதில்லை.

பயிற்சி என்றால் மணிக்கணக்கா?

நிதியின் இன்னொரு பாதி தொழில்சார் பயிற்சி. நர்ஸ்கள் பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருடத்துக்கு 150 மணி நேரத் தொடர்கல்வி என்று இந்திய நர்ஸிங் கவுன்சில் சொல்கிறது. டாக்டர்களுக்கு ஐந்து வருடத்துக்கு 30 மணி. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் எதை மணியால் அளக்கிறோமோ, அது மணியாகத்தான் வரும். நான் பேசப்போன பயிற்சி நாட்களில் பார்த்தது: குத்துவிளக்கு, மூன்று பவர்பாயிண்ட், சாப்பாடு, குரூப் போட்டோ, சான்றிதழ். யாரும் தன் வார்டின் ஒரு பிரச்சினையைக் கொண்டுவரவில்லை. கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. அன்றைக்குப் பேசிய நானும் கேட்கவில்லை.

வேறு மாதிரியும் செய்யலாம். 2009-ல் தொடங்கி, பின்னால் உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் பல நாடுகளில் நடக்கும் 'சார்ட் இட்' பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கலந்துகொள்பவர் தன் வேலையிடத்துக் கேள்வியோடு வர வேண்டும். ஏற்கனவே பதிவேட்டில் இருக்கும் தரவை வைத்தே முடிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கெடு உண்டு, தவறினால் வெளியே. கடைசியில் எழுதி அனுப்பிய கட்டுரைதான் சான்று. கடுமைதான், ஆனால் எத்தனை மணி உட்கார்ந்தாய் என்று கேட்பதற்குப் பதில் என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்கிறது.

1986-ஐத் தப்பாகப் படிக்கிறோம்

இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது டாக்டர் நிர்மலா கதையைச் சொல்வார்கள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு மாணவி. பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்லி, எச்.ஐ.வி. இந்தியாவில் இருக்கிறதா என்று பார்க்க ரத்த மாதிரிகள் சேகரித்தார். சரியான வசதி இல்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப் போய்ப் பரிசோதித்தார். நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. நம்ம லாரித் தொழில் ஊர்களுக்கு அந்தக் கண்டுபிடிப்பின் அர்த்தம் என்னவென்று, தொண்ணூறுகளில் நாமக்கல்லில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"பாருங்க, பணமா இருந்துச்சு? மனசு இருந்துச்சு" என்பதே இந்தக் கதைக்கு நாம் சொல்லும் நீதி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் பணம் இல்லைதான். ஆனால் மற்றது இருந்தது. கேள்வியை நம்பிய ஒரு வழிகாட்டி. கதவைத் திறந்த ஓர் ஆய்வகம். அது அவர் பட்டத்துக்கான ஆய்வு என்பதால், அதைச் செய்ய ஓர் உரிமை. இந்த மூன்றில் ஒன்றுகூட அக்காவுக்கு இல்லை. மனசு மட்டும் இருக்கிறது.

இங்கேயே நடந்த நல்ல உதாரணம்

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து செய்தது. நோய் கண்டுபிடித்த உடனே களப்பணியாளர் மூன்று விஷயம் பார்ப்பார்: மிக மோசமான எடைக்குறைவா, மூச்சுத் திணறலா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லையா. ஒன்று இருந்தாலும் மேல் பரிசோதனை, அட்மிஷன். தேவையான கருவி எடைபார்க்கும் மெஷின், உயரம் அளக்க ஒரு டேப், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். ஆரம்பகால இறப்புகள் குறைந்ததாகக் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்தது, ஆராய்ச்சி வார்டுக்கு வந்தது. பிடிக்காதது, கேள்வி மேலிருந்துதான் வந்தது. கீழிருந்து மேலே போக ஒரு படி இன்னும் கட்டப்படவில்லை.

எதிர்வாதமும் நியாயமானதுதான்

"நர்ஸ் பற்றாக்குறையில் வார்டு நடக்கிறது. நீ அரை நாள் விடுவிக்கச் சொல்கிறாய். அந்த அரை நாள் யார் பார்ப்பது?" என்று ஒரு மருத்துவ நண்பர் கேட்டார். சரியான கேள்வி. அதனால்தான் மாற்று ஆளுக்கான பணம் நிதிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறேன். அது இல்லாமல் 'நர்ஸ்களும் ஆராய்ச்சி செய்யலாம்' என்று அறிவித்தால், டூட்டி முடிந்து வீட்டில் உட்கார்ந்து செய்யும் இன்னொரு வேலையாகத்தான் அது முடியும்.

அதோடு இரண்டு விஷயம். ஒன்று, எத்திக்ஸ் கமிட்டி. 2019 விதிகளுக்குப் பிறகு பதிவு பெற்ற கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். அது சரி, நோயாளியின் பாதுகாப்பு அதில் இருக்கிறது. ஆனால் சின்ன மருத்துவமனைக்குச் சொந்தக் கமிட்டி கிடையாது. சேலமோ நாமக்கல்லோ, மருத்துவக் கல்லூரிக் கமிட்டி சுற்றுவட்டார மருத்துவமனை ஊழியரின் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொள்ளும் என்று ஓர் ஆணை போட்டால் போதும். இரண்டு, பெயர். நோட்டு எழுதியவர் பெயர் கட்டுரையில் ஆசிரியராக வர வேண்டும், கடைசி வரி நன்றியில் இல்லை.

நாங்கள் எழுதிய ப்ரபோசல் எங்கே நிற்கிறது? ஒரு டாக்டர் முதன்மை ஆய்வாளராக இருக்க ஒத்துக்கொண்டார், பிறகு மாறுதலாகிப் போய்விட்டார். புது டாக்டரிடம் இன்னும் பேசவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும் என்பார்கள். எங்கள் கதையில் பூசாரி மேலும் தப்பில்லை. கோயிலுக்கு வழிதான் இல்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது நோட்டைக் கேட்டேன். மூன்றாவது முடிய நாலைந்து பக்கம் இருந்தது. "இது தீர்ந்ததும் நிறுத்திடட்டுமா தம்பி?" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் சொன்னேன். வரும் வழியில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.