பழைய கார்களின் பின்னச்சு: எது எவ்வளவு தாங்கும்?

பின்னச்சு ஒரே நேரத்தில் மூன்று சுமைகளைத் தாங்குகிறது: வண்டியின் எடை, வளைவில் வரும் பக்கவாட்டுத் தள்ளல், எஞ்சினின் முறுக்குவிசை. இவற்றில் எது எந்த உறுப்பின்மேல் விழுகிறது என்பதே ஓர் அச்சை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது. நெய்வேலியில் சாம்பலும் பழுப்பு நிலக்கரியும் ஏற்றும் கனரக லாரிகளில் ஆக்சில் ஷாஃப்டை உருவி எடுத்தாலும் சக்கரம் அசையாமல் நிற்கும். எடை முழுவதும் ஹவுசிங்கின் மேல். ஷாஃப்டுக்குச் சுற்றுவது மட்டுமே வேலை. பழைய கார்களில் இந்த வசதி அரிது.

அதற்கு அருகில் வருவது அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த அதன் அச்சில் ஹப் பேரிங் ஹவுசிங்கின் வெளிப்புறம் அமர்கிறது. எடை ஷாஃப்டுக்குப் போவதில்லை. பக்கவாட்டு விசையில் ஒரு பங்கு மட்டும் போகிறது. ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. 1489 சிசி எஞ்சினின் ஏறத்தாழ 50 குதிரைத்திறனுக்கு இது தாராளம். 1990களில் இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் வந்து திறன் 75 ஆனபோதும் அதே வகை அச்சு தாக்குப்பிடித்தது.

பிரீமியர் பத்மினியின் அச்சு மெலிந்தது. அதில் எடை, வளைவு, முறுக்கு மூன்றும் ஷாஃப்டின் மேலேயே இறங்குகின்றன. கார் இலகுவானது, 1089 சிசி எஞ்சினும் அடக்கமானது என்பதால் தெருவில் குறை தெரியாது. பெரிய எஞ்சினை மாட்டினால் முதலில் சோதனைக்குள்ளாவது இந்த ஷாஃப்ட்தான்.

சென்னைக்கு அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கதை வேறு. டிஃபரென்ஷியல் சேஸியில் நிலையாகப் பொருந்தியிருக்க, இரு பக்க ஷாஃப்டுகளும் தனித்தனியே ஊசலாடும். வேகமாக வளையும்போது பின்பகுதி மேலெழும்பி, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். உலோகம் முறிவதற்கு முன்பே ஓட்டுநரின் துணிவு முறிந்துவிடும். சோழவரம் விமானத்தளத்தில் ஹெரால்டுகள் பந்தயம் ஓடியதை நினைத்தால் அந்த ஓட்டுநர்களின் மேல் மரியாதை கூடுகிறது. 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கசெல் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, ஒரே துண்டான அச்சுக்கு மாறியது.

உலக அளவில் வலுவுக்குப் பெயர்பெற்றது 1957இல் அறிமுகமான ஃபோர்டு 9 அங்குல அச்சு. அந்த எண் கிரவுன் வீலின் விட்டம். பினியனின் உள்முனையையும் ஒரு பேரிங் தாங்குவதால் சுமை ஏறும்போது பற்கள் விலகுவதில்லை. பினியன் மையத்திலிருந்து நன்கு தாழ்ந்திருப்பதால் ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் கவ்வுகின்றன. அதற்கு விலையாக உராய்வு கூடி, திறனில் சிறிது வீணாகிறது. 28 ஸ்பிளைன் ஷாஃப்டைவிட 31 ஸ்பிளைன் ஷாஃப்ட் சற்றே தடிமன்தான். ஆனால் முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே பத்து சதவீதத் தடிமன் ஏறினால் வலு முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறும். இவ்வளவும் நூற்றுக்கணக்கான குதிரைத்திறனுக்கானது. இசுசு அம்பாசடருக்கு அதைத் தருவிப்பது பணத்துக்குக் கேடு, எடைக்கும் கேடு.

கணக்கு எளிது. முதல் கியரும் கிரவுன்-பினியனும் சேர்ந்து எஞ்சினின் முறுக்கைப் பதினைந்து மடங்குக்கு மேல் பெருக்குகின்றன. நின்ற இடத்தில் கிளட்சைச் சட்டென விட்டால் அச்சின்மேல் அந்தக் கணக்கையும் மீறிய அடி விழும். ஷாஃப்டைக் களைப்படைய வைப்பது உச்சவேகத்தைவிட இந்தப் பழக்கமே.

பழைய வண்டியை வாங்குமுன் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பினால் பற்களின் ஆட்டம் தெரியும். சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினால் பேரிங் பேசும். பண்ருட்டி சாலையில் ஓட்டிப் பார்க்கையில், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஊளையின் தொனி மாறினால் கிரவுன்-பினியன் தேய்ந்திருக்கலாம். வளைவில் மட்டும் முனகல் மாறினால் ஹப் பேரிங். சுரங்கப் பகுதித் தூசி ஹவுசிங்கின் மூச்சுத்துளையை அடைத்துவிட்டால், சூட்டில் அழுத்தம் ஏறி எண்ணெய் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் இறங்கும். அத்தகைய வண்டியில் சீலை மட்டும் மாற்றினால் ஒழுகல் திரும்பிவரும். துளையையும் சுத்தம் செய்து, இபி 90 கியர் எண்ணெயைச் சரியான அளவுக்கு நிரப்ப வேண்டும்.